மூன்றாம் மதிப்பீட்டாளர்

7 ஜூலை 2019, ஞாயிறு

மனைவி ஹெப்சிபாவின் எடை இன்று காலை ஐம்பத்து மூன்று கிலோ நானூறு கிராம். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய வாரம் அறுபத்தொன்று. தராசில் ஏறச் சொன்னபோது, "என்ன திடீர்னு? என்னைய விக்கப் போறியளா?" என்று கேட்டாள். உணவு குறையவில்லை, கூடியிருக்கிறது. நேற்று ஐந்து தோசை. ஆயினும் மெலிகிறாள். ரவிக்கைகள் அனைத்தையும் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். நாற்பத்தேழு வயதில் ஒருத்தி தன் ரவிக்கைகளை ஒரே வாரத்தில் திருத்திக்கொள்வதற்கு உலகம் என்ன காரணம் கூறும் என்பதை இங்கு எழுத விரும்பவில்லை.

மாடித் தொட்டி கழுவப்பட்டது. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யப்பட்டது.

12 ஜூலை, வெள்ளி

பாடகர் குழுப் பயிற்சி ஏழரைக்கு முடிய வேண்டும். ஆலய அறிவிப்புப் பலகையிலேயே அவ்வாறு உள்ளது. நான் வழக்கம்போல் வெளி மதிலருகே வண்டியோடு காத்திருந்தேன். மற்றவர்கள் 7.33-க்குள் வெளியேறிவிட்டார்கள். ஹெப்சிபா வந்தது 7.52-க்கு. கூடவே திரு. வின்ஃபிரட் வந்தார். ஜூன் மாதம் பொறுப்பேற்ற புதிய பாடகர் குழுத் தலைவர், வயது நாற்பத்தாறு, மணமாகாதவர், பாளையங்கோட்டை வெயிலிலும் கழுத்து மூடிய சட்டை அணிபவர். அவளுடைய கைப்பை அவர் கையில் இருந்தது. வாசலில் அதை அவளிடம் கொடுத்தார். அவள் முகம் சிவந்திருந்தது. கண்கள் அகன்று பளபளத்தன.

"ஏன் தாமதம்?" என்றேன்.

"சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். வண்டிய எடுங்க."

வீட்டில் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது அவள் விரல்கள் நடுங்கின. அப்போது நான் பயிற்சியைப் பற்றித்தான் கேட்டிருந்தேன்.

19 ஜூலை, வெள்ளி

7.48.

27 ஜூலை, சனி

சமைக்கும்போது பாடுகிறாள், பாதியில் அழுகிறாள். காரணம் கேட்டால் "தெரியல" என்கிறாள். மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு உடம்பெல்லாம் எரிகிறது என்று போர்வையை உதறுகிறாள். பெங்களூரில் இருக்கும் மகளோடு பேசும்போது பள்ளிச் சிறுமியைப் போல் சிரிக்கிறாள். இருபத்து நான்கு ஆண்டுகளில் இத்தனை உயிரோட்டத்தோடு அவளை நான் கண்டதில்லை. யாரோ ஒருவர் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அது நான் அல்ல என்பதில் மட்டும் ஐயமில்லை.

3 ஆகஸ்ட், சனி

வியாழனன்று, தான் கற்பிக்கும் பள்ளியின் காலை வழிபாட்டில் ஹெப்சிபா மயங்கி விழுந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். தலைமையாசிரியை பிடிவாதமாக இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்று முடிவு வந்தது. தைராய்டு மிகையாகச் சுரக்கிறது.

மருத்துவர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுபவர். நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு, "எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு? தோராயமா சொன்னா போதும்" என்றார்.

ஹெப்சிபா விழித்தாள். நான் பையிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்தேன். எடை குறைந்த தேதிகள், கை நடுங்கிய நாள், வியர்வை, உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, பசி, கண்களின் பளபளப்பு ஆகியவற்றைத் தேதிவாரியாக வாசித்தேன். இடையிடையே சில சொற்றொடர்களைத் தவிர்த்தேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், நான் எட்டு வருஷமா பிராக்டிஸ் பண்றேன். பொண்டாட்டி முடிய வெட்டுனதையே கவனிக்காத ஆம்பளைங்களத்தான் பாத்திருக்கேன். நீங்க கண்ணு பளபளப்ப தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்க!" பிறகு ஹெப்சிபாவிடம், "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

ஹெப்சிபா என்னைப் பார்க்கவில்லை, நாட்குறிப்பைப் பார்த்தாள்.

அவளுடைய உடம்பு ஓய்வில்லாத இயந்திரம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், மெலிவும் நடுக்கமும் சிவப்பும் அழுகையும் எல்லாம் அதன் விளைவே என்றும் மருத்துவர் விளக்கினார். எல்லாமேவா என்று கேட்டேன். எல்லாமே என்றார். முதலில் மாத்திரை, ஏழு வாரம் கழித்து நிலையான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு இரத்தம் பரிசோதிக்க வேண்டும். இதைச் சிவப்பு மையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியுள்ளேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

என் குறிப்புகளின்படி மாற்றம் தொடங்கியது ஏப்ரல் மூன்றாம் வாரம். திரு. வின்ஃபிரட் பொறுப்பேற்றது ஜூன் இரண்டு. இவ்விரு தேதிகளையும் அருகருகே வைத்து இன்றுதான் பார்த்தேன். எனினும் நோய் இருப்பதாலேயே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

21 செப்டம்பர், சனி

ஏழு வாரங்களில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. அட்டவணையில் ஒவ்வொரு வேளைக்கும் என் கையெழுத்து உள்ளது. நாடித்துடிப்பு எண்பத்து நான்கு. எடை ஐம்பத்தாறு. சமைக்கும்போது பாடுவது நின்றுவிட்டது.

மருத்துவர் மூன்று வழிகளை எடுத்துரைத்தார். முதலாவது, மாத்திரையை ஒன்றரை ஆண்டு தொடர்வது. ஆனால் ஹெப்சிபாவின் தைராய்டு மிகவும் வீங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் வரவே வாய்ப்பு அதிகம். இரண்டாவது, கதிரியக்க அயோடினை ஒருமுறை உட்கொண்டு சுரப்பியைச் செயலிழக்கச் செய்வது. சில நாட்கள் யாரோடும் நெருங்காமல் தனித்திருக்க வேண்டும். அவளுடைய இடக்கண் சற்றே முன்தள்ளியிருப்பதால், அயோடின் அதை மேலும் மோசமாக்கலாம். மூன்றாவது, அறுவைச் சிகிச்சை. நோய் அடியோடு நீங்கும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் காலையில் ஒரு மாத்திரை.

"ஆபரேஷன்ல ஒரே ஒரு விஷயம். குரலுக்குப் போற நரம்பு தைராய்டுக்குப் பின்னாடிதான் ஓடுது. நல்ல சர்ஜன் கையில நிரந்தரமா பாதிக்கிறது நூத்துல ஒருத்தருக்குத்தான். அம்மா என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்" என்றாள் ஹெப்சிபா. பிறகு, "பாடுவேன்" என்றும் சொன்னாள்.

ஒரு மாதத்திற்குள் முடிவைத் தெரிவிக்கும்படி மருத்துவர் கூறினார்.

22 செப்டம்பர், ஞாயிறு

உணர்ச்சிவசப்பட்டு எடுக்கக் கூடிய முடிவன்று இது. எனவே எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்காணித்து வரும் முறையையே பின்பற்றலாம் என்று ஹெப்சிபாவிடம் முன்மொழிந்தேன். மதிப்பீட்டுத் திட்டம் ஒன்று. மதிப்பீட்டாளர் இருவர். ஒருவர் இட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே பதினைந்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் தாள் மூன்றாம் மதிப்பீட்டாளருக்குச் செல்லும். மூன்றில் நெருங்கிய இரண்டின் சராசரியே முடிவு.

"என் கழுத்துக்கு டபுள் வேல்யுவேஷனா?" என்று கேட்டாள்.

"இதைவிட நியாயமான முறை இந்நாட்டில் இல்லை."

"சரி, போடுவோம். உங்களுக்கு அதுல ஒரு நிம்மதின்னா போடுவோம்."

நூறு மதிப்பெண்ணுக்குத் திட்டம் தயாரித்தேன். நோய் நிரந்தரமாக நீங்குவதற்கு இருபத்தைந்து. உயிர் ஆபத்தின்மைக்கு இருபது. மற்றவை சிறியவை. இரு பிரதிகள் எடுத்து உறையிட்டேன்.

29 செப்டம்பர், ஞாயிறு

உறைகள் மாலை நான்கு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் திறக்கப்பட்டன.

நான் அறுவைச் சிகிச்சைக்கு எழுபத்தெட்டு இட்டிருந்தேன், அயோடினுக்கு ஐம்பத்தொன்று, மாத்திரைக்கு நாற்பத்து நான்கு. அவள் அறுவைச் சிகிச்சைக்கு இருபத்திரண்டு இட்டிருந்தாள், மாத்திரைக்கு எழுபது. அத்தோடு திட்டத்தையே அடித்துத் திருத்தியிருந்தாள். மதிப்பீட்டாளர் எக்காரணம் கொண்டும் திட்டத்தைத் திருத்தக் கூடாது. அதைச் சொன்னேன்.

"திருத்தாம? குரலுக்கு எவ்வளவு போட்டிருக்கிய, பாருங்க."

"ஐந்து."

"ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்த எடம் இருக்கான்னு பாக்கறதுக்கு?"

"தூரமும் நிறுத்துமிடமும் சேர்த்துப் பத்து."

"என் குரல் உங்க ஸ்கூட்டர் ஸ்டாண்டுல பாதி!" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு பேச்சுக்குக் கேக்கேன். குரல் போயிருச்சுன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும், இல்ல? வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் கெடையாது. பதினெட்டு நிமிசம் லேட்டு, இருவத்திரெண்டு நிமிசம் லேட்டுன்னு வாட்சப் பாக்க வேண்டாம்."

இதற்கும் மதிப்பீட்டிற்கும் தொடர்பில்லை என்று கூறினேன். வேறுபாடு ஐம்பத்தாறு, விதிப்படி மூன்றாம் மதிப்பீடு தேவை. மூன்றாமவர் வெளியாளாகவும் பாடம் அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றேன். என் மனத்தில் இருந்தவர் தாவரவியல் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"வெளியாளு, பாடம் தெரிஞ்சவரு. அப்ப வின்ஃபிரட் சார்" என்றாள்.

"அவருக்கு இந்தப் பாடத்தில் என்ன தெரியும்?"

"அவருக்கு இதே ஆபரேஷன் நடந்திருக்கு. சட்டைக் காலருக்குள்ள இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் தழும்பு இருக்கு."

விதியை வகுத்தவன் நான். மறுக்க முகாந்திரம் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

1 அக்டோபர், செவ்வாய்

அவருடைய காலருக்குள் என்ன இருக்கிறது என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

6 அக்டோபர், ஞாயிறு

நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். 4.20-க்கு முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தார். பெரிய உருவம். குரல் மட்டும் அடியில் கீறல் விழுந்தாற்போல் கரகரத்தது. ஹெப்சிபாவை "அக்கா" என்றும் என்னை "அண்ணாச்சி" என்றும் அழைக்கிறார். அவர் எங்கள் இருவருக்கும் இளையவர் என்பதால் இதில் தவறு காண இயலவில்லை.

இரு தாள்களையும் பெயர் நீக்கி, மாற்று எண்கள் இட்டு, தனித்தனி உறையில் வைத்து அவரிடம் அளித்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இது என்ன, அக்கா கழுத்தா, பி.காம் பேப்பரா? குரலுக்கு அஞ்சு மார்க்குன்னு இருக்கே, இது உங்க தாளுன்னு சொல்ல நம்பர் எதுக்கு?"

ஹெப்சிபாவும் சிரித்தாள். என் எதிரிலேயே இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர்களுக்கு முன்பே பழக்கம் இருந்தது.

பிறகு அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடிக்கழுத்தில், வெளிறிய கயிறு சுற்றியதுபோல் ஒரு தழும்பு.

"ஒம்பது வருசமாச்சு. நான் அப்ப மேல்குரல் பாடுதவன். எனக்கு இருந்தது புத்துநோய். நரம்பைச் சுத்திக்கிடுச்சு. 'நரம்பை எடுத்தாத்தான் ஆளு பொழைப்பான்'னு டாக்டர் முன்னாலயே சொல்லிட்டாரு. எடுத்தாச்சு. ஆளு பொழைச்சாச்சு. மேல்குரல் போயாச்சு. அதான் இப்ப கைய மட்டும் ஆட்டிக்கிட்டுத் திரியுதேன்."

"அதைக் கண்டுதான் எனக்குப் பயம்" என்றாள் ஹெப்சிபா.

"அக்கா, உங்களுக்கு இருக்கது வெறும் வீக்கம். அது மூச்சுக்குழாய அமுக்குது. நீளமான அடி வந்தா காத்து பத்தாம நிக்கிய. ஜூலை மாசம் பூரா ரெண்டாவது சரணத்துலயே உக்காந்துருவிய. எல்லாரும் போன பொறவு படபடப்பு அடங்குத வரைக்கும் கால் மணி நேரம் பெஞ்சில சாச்சு வச்சிருந்துதானே வெளிய கூட்டிட்டு வருவேன். அண்ணாச்சிக்குத் தெரியுமே."

எனக்குத் தெரியாது. ஹெப்சிபா முந்திரிக்கொத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா நோட்டுல எழுதுவிய."

திரு. வின்ஃபிரட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். அறுவைச் சிகிச்சைக்கு எழுபத்திரண்டு இட்டார். "கண்ணுக்கு ஆகாததுனால அயோடின் வேண்டாம். மாத்திரை ஒண்ணர வருசம் தின்னுட்டு மறுபடியும் மொதல்ல இருந்தா? நரம்பு தெரிஞ்ச சர்ஜனாப் பாத்துப் பண்ணிக்கிடுங்க. பயம் இருக்கத்தான் செய்யும்."

"அப்ப பண்ணிக்கிடுவோம்" என்றாள் ஹெப்சிபா. அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக எடுத்துரைத்த அதே நியாயங்கள். என்னிடம் அவள் அப்படித் தலையசைத்ததில்லை.

எழுபத்தெட்டும் எழுபத்திரண்டும் நெருங்கியவை, சராசரி எழுபத்தைந்து. என் மதிப்பீடு உறுதியாகிவிட்டது. இரவு உணவு உண்ணவில்லை. முந்திரிக்கொத்து காரணமாக இருக்கலாம்.

9 அக்டோபர், புதன்

நூலகத்தில் இரண்டு மணி நேரம். அறுவைக்குப் பின் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்து கை விறைத்துக்கொள்வதுண்டு. மயக்க மருந்திலும் ஆபத்து உண்டு. நூற்றில் ஒருவர் என்பது சிறிய எண் அன்று. நம் தெருவில் மட்டும் நூற்று நாற்பது பேர் வசிக்கிறோம். இவற்றுக்கு நான் முன்பு உரிய கவனம் அளிக்கவில்லை.

12 அக்டோபர், சனி

மறுமதிப்பீடு செய்தேன். அறுவைச் சிகிச்சை: முப்பத்தொன்று. மாத்திரை: அறுபத்தெட்டு.

13 அக்டோபர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் புதிய தாளை ஹெப்சிபாவிடம் கொடுத்தேன். கையில் கீரைக்கட்டோடு நின்றபடியே வாசித்தாள்.

"போன மாசம் எழுபத்தெட்டு. இப்ப முப்பத்தொண்ணு. ரெண்டு வாரத்துல என் கழுத்துல என்ன மாறிச்சு?"

"புதிய தரவுகள் கிடைத்தன."

"நரம்பு அன்னைக்கும் அங்கதான் ஓடிச்சு. டாக்டர் உங்க முன்னாலதான் சொன்னாங்க."

நூலகத்தில் எடுத்த குறிப்புகளை நீட்டினேன்.

"நான் சொல்லட்டா? ஆபரேஷன் பண்ணா பாட்டு நிக்கும்னு நெனச்சப்ப எழுபத்தெட்டு. அவரு பண்ணுங்கன்னு சொன்னதும் முப்பத்தொண்ணு. நாளைக்கே அவரு வந்து மாத்திரைதான் நல்லதுன்னு சொன்னா மறுபடியும் கத்திய எடுத்துட்டு வருவிய." கீரையை மேசையில் போட்டாள். "இத்தன நாளும் யாருக்கு மார்க் போட்டிய? எனக்கா, அவருக்கா? நடுவுல கெடக்குதது என் கழுத்துங்க. என் கழுத்து!"

கீரையை நான்தான் ஆய்ந்தேன். அவள் அறையை விட்டு வரவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

நவம்பர் பருவத் தேர்வுக்கான மதிப்பீட்டாளர் உறுதிமொழிப் படிவங்கள் இன்று அச்சகத்திலிருந்து வந்தன. சரிபார்த்துக் கட்டுக்கட்டாகப் பிரிப்பது என் பணி. அதன் நான்காம் பிரிவை ஆண்டுக்கு இருமுறை வாசிக்கிறேன், மனப்பாடம். "இத்தேர்வை எழுதுவோரில் என் மனைவியோ மக்களோ நெருங்கிய உறவினரோ எவரும் இலர் என உறுதியளிக்கிறேன். இருப்பின் மதிப்பீட்டுப் பணியிலிருந்து உடனே விலகுவேன்." இதை மறைத்த விரிவுரையாளர் ஒருவரை மூன்றாண்டு விலக்கி வைக்கப் பரிந்துரைத்தவன் நான். தன் தங்கையின் தாளுக்கு அவர் நேர்மையாகவே மதிப்பெண் இட்டிருந்தார். அப்படியிருந்தும் பரிந்துரைத்தேன்.

பிற்பகல் முழுவதும் வேலை ஓடவில்லை. ஒரு படிவத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அலுவலகப் பொருளைச் சொந்த உபயோகத்திற்கு எடுத்தது இதுவே முதன்முறை.

அதை நிரப்பி ஹெப்சிபாவின் முன் வைத்தேன். நான்காம் பிரிவின் கீழ் இவ்வாறு எழுதியிருந்தேன்: "தேர்வர் என் மனைவி. ஆகையால் தொடக்கத்திலிருந்தே நான் மதிப்பிடத் தகுதியற்றவன். மேலும், திரு. வின்ஃபிரட் மீதுள்ள எண்ணத்தைக் கொண்டே மதிப்பெண்கள் இடப்பட்டன. கோடைக்காலக் குறிப்புகளும் நோயைக் கருதி எழுதப்பட்டவை அல்ல. விலகுகிறேன். முடிவு தேர்வருடையது." கையெழுத்தும் தேதியும் இட்டிருந்தேன்.

நெடுநேரம் வாசித்தாள்.

"அந்த நோட்டு எதுக்குன்னு எனக்கு ஜூலையிலயே தெரியும்" என்றாள். "தராசுல ஏத்துனியள்ளா, அன்னைக்கே."

"ஏன் கேட்கவில்லை?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. பத்து வருசமா நீங்க என்னைய ஏறிட்டுப் பாக்கல. கரண்ட் பில்லப் பாப்பிய, காலண்டரப் பாப்பிய. இந்த வருசந்தான் பாத்திய. என்ன சேலை, எப்ப சிரிச்சா, கண்ணு எப்படி இருக்கு, எல்லாம் பாத்திய. சந்தேகத்துல பாத்தாலும் பாத்தியள்ளா? சவம், அதுவும் எனக்குக் கொஞ்சம் பிடிச்சுத்தான் இருந்துச்சு."

படிவத்தைத் திரும்பப் பெறக் கை நீட்டினேன்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். "விலகுதேன்னு எழுதிட்டு ஆஸ்பத்திரிக்கும் வராம இருந்துராதிய."

"மதிப்பீட்டிலிருந்து மட்டுமே விலகியுள்ளேன்."

"அப்பச் சரி. கிறிஸ்மஸ் வரைக்கும் மாத்திரை. எனக்குக் குடுத்திருக்க தனிப்பாட்டப் பாடி முடிச்சுக்கிடுதேன். ஜனவரில வெட்டிக்கிடுவோம். அவரு சொன்னாருன்னும் இல்ல, நீங்க சொன்னியன்னும் இல்ல. ரெண்டு பேரும் பேசி முடிச்ச பொறவு நான் தனியா உக்காந்து யோசிச்சேன். எனக்கு மூச்சு வேணும்."

22 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. இம்முறை வெளியே நிற்காமல் உள்ளே அமர்ந்தேன். கடைசிக்கு முந்தைய வரிசை. ஹெப்சிபாவின் தனிப்பாட்டில் ஒரு சுரத்தைப் பதினொரு வினாடி நீட்டிப் பிடித்தாள். என் அருகில் இருந்த அஞ்சலக ஊழியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். திரு. வின்ஃபிரட்டின் கை அந்தரத்தில் அசையாமல் நின்றது. அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு வினாடியில் அவர்கள் அனைவரும் எதையோ பெற்றுக்கொண்டிருந்தார்கள். நான் நீளத்தை மட்டும் அளந்தேன்.

21 ஜனவரி 2020, செவ்வாய்

காலை 8.10-க்கு உள்ளே அழைத்துச் சென்றார்கள். 11.25-க்கு அறுவை மருத்துவர் வந்து எல்லாம் நலம் என்றார். இரு பக்க நரம்புகளையும் கண்ணால் கண்டு விலக்கியே சுரப்பியை எடுத்ததாகக் கூறினார். இன்று அவளைப் பேசவிடவில்லை. ஒப்புதல் படிவத்தில் அவளே கையெழுத்திட்டாள், நான் சாட்சி.

22 ஜனவரி, புதன்

வார்டில் ஒரு நோயாளியோடு ஒருவர் மட்டுமே இருக்கலாம். அனுமதி அட்டையின் பின்புறம், "பிறருக்கு மாற்றத்தக்கதன்று" என்று அச்சிடப்பட்டுள்ளது.

காலைச் சுற்றில் மருத்துவர் அவளை "ஈ" என்று சொல்லச் சொன்னார், சொன்னாள். இருமச் சொன்னார், இருமினாள். நரம்பு நன்றாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவர் போனபின் ஹெப்சிபா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கழுத்தில் கட்டு, பக்கவாட்டில் ஒரு குழாய்.

"சரியா வருதா?" என்று கேட்டாள். மெல்லிய, கட்டிய குரல்.

"மருத்துவர் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார்."

"அவரு பேச்சுக்குச் சொல்லுதாரு. எனக்கே என் குரல் காதுல வேற மாதிரி கேக்கு. நீங்க சொல்லுங்க. இருக்கா, போயிருச்சா?"

நான் கூர்ந்து கேட்டேன். இன்னொருமுறை பேசச் சொல்லியும் கேட்டேன். எனக்கு அது ஹெப்சிபாவின் குரலாகத்தான் இருந்தது. ஜூலையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நாளை பாழாகிப்போனாலும் எனக்கு அப்படியே இருக்கும். பொய் சொல்லலாமா என்று எண்ணினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது, ஹெப்சி" என்றேன்.

அவள் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. கழுத்தைத் திருப்ப முடியாததால் அது நேராகக் காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன்.

திரு. வின்ஃபிரட் காலை ஏழு மணியிலிருந்து கீழே வெளிநோயாளிகள் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் அறிவேன். பார்த்துவிட்டுப் பாராதவன்போல் மேலே வந்திருந்தேன். இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணாச்சி?"

அனுமதி அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"இது உங்க அட்டைல்லா? ஒருத்தருக்குத்தான்னு போட்டிருக்கே."

"ஆம்" என்றேன். "இரண்டாம் மாடி. இடப்பக்கம் ஆறாவது கட்டில். குரல் இருக்கிறதா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அவர் போனார். நான் படிக்கட்டு வழியாகப் பின்தொடர்ந்து, வார்டின் மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். நேரம் 10.42. செவிலியர் ஒருவர், "சார், பாஸ் இல்லாம இங்க நிக்கக் கூடாது" என்றார். விதி தெரியும் என்றும், நகரப்போவதில்லை என்றும் அவரிடம் சொன்னேன்.

உள்ளே அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். பிறகு அமைதி. பிறகு வாய் திறவாத ஒரு ரீங்காரம், மிக மெல்லியதாய், கதவின் அடியிலிருந்து வந்தது. ஒரு சுரம். அது அறுந்தது. மீண்டும் தொடங்கியது, இம்முறை அறாமல் நீண்டது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

10.49-க்கு அவர் வெளியே வந்தார். முகம் நனைந்திருந்தது.

"இருக்கு அண்ணாச்சி. வீக்கத்துக்குள்ள பத்திரமா இருக்கு. மேல போக ரெண்டு மாசம் ஆகும். உள்ள போங்க, உங்களத்தான் கேக்காங்க."

அட்டையை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை.

அந்த ஏழு நிமிடமும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இச்சொல்லை இந்த நாட்குறிப்பில் இதற்குமுன் நான் எழுதியதில்லை, இப்போது எழுதியாயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இன்னொருமுறை அதைச் செய்து காட்டும்படி அவளிடம் கேட்டேன். எனக்காக, மெதுவாக, வலித்தால் வேண்டாம் என்று. என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டேன்.

"பக்கத்துல வாங்க" என்றாள்.